அந்த வீடியோ ஏன் ஓடவில்லை? கடைக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை. போட்டோக் கொப்பி, ரீலோட், லேமினேட்டிங் இவற்றோடு பழைய வீடியோக் கெசட்டைப் பென் டிரைவுக்கு மாற்றுவது, கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுவது எல்லாம் நடக்கும். நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களில் பலர் கையில் ஒரு பென் டிரைவோடு நேரே வந்து, "அண்ணே, இது ஓட மாட்டேங்குது" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

பெயர் எம்.பி.4 என்றுதான் இருக்கிறது. போனில் ஓடுகிறது, வீட்டு டீவியில் ஓடவில்லை. ஏன்?

எம்.பி.4 என்பது பெட்டியின் பெயர். உள்ளே இருக்கும் சரக்கின் பெயர் இல்லை. தேயிலை ஃபெக்டரியில் தூள் கட்டுகிற பை எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒன்றில் பி.ஓ.பி., இன்னொன்றில் டஸ்ட். மேலே அடித்திருக்கிற கிரேடைப் பார்த்துத்தான் உள்ளே என்னவென்று சொல்வோம். வீடியோவில் அந்தக் கிரேடுக்குப் பெயர் கோடெக்.

ஒரு வீடியோக் கோப்பைத் திறந்து பார்த்தால் படம் ஒரு ஓடையாகவும், சத்தம் ஒன்றோ இரண்டோ ஓடையாகவும் இருக்கும். சில சமயம் சப்டைட்டிலும் இருக்கும். எது எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் ஓர் அட்டவணையும் உண்டு. இவற்றைச் சேர்த்துக் கட்டுகிற பெட்டியைத்தான் கண்டெய்னர் என்கிறார்கள். எம்.பி.4 பெட்டிக்குள் படம் எச்.264 ஆக இருக்கலாம், எச்.265 ஆக இருக்கலாம், ஏவி1 ஆகவும் இருக்கலாம். உங்கள் போனுக்கு மூன்றும் தெரியும், பத்து வருடத்து டீவிக்கு முதலாவது மட்டும்தான் தெரியும் என்றால், கோப்பின் பெயர் மாறாமலே ஓரிடத்தில் ஓடும், இன்னோரிடத்தில் ஓடாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க, கொம்பியூட்டரில் வி.எல்.சி. பிளேயரில் வீடியோவை ஓடவிட்டு, 'டூல்ஸ்' மெனுவில் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' என்பதை அழுத்துங்கள். மீடியா இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருளும் உண்டு, அது இன்னும் விவரமாகக் காட்டும். எந்தக் கோப்பு வந்தாலும் நான் முதலில் செய்வது இதுதான். பார்க்காமல் 'கன்வெர்ட்' பண்ணுவது, காய்ச்சலா வயிற்று வலியா என்று கேட்காமல் மருந்து கொடுக்கிற மாதிரி.

சரி, இந்தக் கோடெக் எதற்கு? வீடியோவை அப்படியே வைத்தால் என்ன?

வைக்கலாம், வைக்க இடம் இருந்தால். இப்போது சாதாரணமாக எடுக்கிற ஃபுல் எச்.டி. படத்தில் குறுக்கே 1920, உயரத்தில் 1080 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 3 பைட், நொடிக்கு 25 படம். பெருக்கிப் பாருங்கள்: ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 155 மெகாபைட். ஒரு மணிநேரத்துக்கு 560 ஜிகாபைட். ஒரு மணிநேரக் கல்யாண வீடியோவை நாங்கள் 3.6 ஜிகாபைட்டில் தருகிறோம் என்றால், நூற்றைம்பதில் ஒரு பங்காக அது சுருங்கியிருக்கிறது.

எப்படிச் சுருங்குகிறது? அடுத்தடுத்த படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். மணவறையில் ஐயர் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் திரை அசையவில்லை. அப்போது ஒரு முழுப் படத்தை வைத்துவிட்டு, அதற்குப் பிறகு எது எங்கே நகர்ந்தது, என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு முழுப் படம். இதோடு, கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத நுணுக்கங்களை எறிந்துவிடுவார்கள். இப்படிச் சுருக்குவதும், ஓட்டும்போது விரிப்பதும் கோடெக்கின் வேலை.

எறிந்தது எறிந்ததுதான் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்தை வாட்டி, உருட்டி, காயவைத்தால் ஒரு கிலோ தூள் வரும். தூளைத் தண்ணீரில் போட்டால் தேத்தண்ணிதான் வரும், கொழுந்து வராது. ஒரு தடவை சுருக்கிய வீடியோவைத் திரும்பச் சுருக்கினால் இன்னும் கொஞ்சம் போகும். அதை 'ஃபோர் கே'க்கு (ஃபுல் எச்.டி.யைவிட நாலு மடங்கு புள்ளி) மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டு வருகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

ஏ.வி.ஐ., எம்.கே.வி., எம்.ஓ.வி., வி.ஓ.பி. என்று எத்தனையோ இருக்கிறதே. எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டாம். முகம் பார்த்து ஊர் சொல்கிற அளவுக்குத் தெரிந்தால் போதும். ஏ.வி.ஐ. 1992இல் மைக்ரோசொஃப்ட் கொண்டுவந்த பழைய பெட்டி. டிவ்எக்ஸ், எக்ஸ்விட் என்று சிடியில் படம் அடித்த காலத்துக் கோப்புகள் பெரும்பாலும் இதில்தான் இருக்கும். எம்.ஓ.வி. ஆப்பிளுடையது. எம்.பி.4 அதன் அமைப்பிலிருந்து வந்ததுதான், கிட்டத்தட்டச் சகோதரர்கள். எம்.கே.வி.யின் முழுப் பெயர் மெட்ரோஸ்கா. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய ரஷ்ய மரப்பொம்மையை நினைத்து வைத்த பெயர். எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும், ஆனால் ஐபோனின் சொந்தப் பிளேயர் அதைத் தொடாது. டி.ஏ.டி. என்றால் விசிடி, வி.ஓ.பி. என்றால் டிவிடி, எம்.டி.எஸ். என்றால் கையடக்க எச்.டி. கேமரா, 3ஜி.பி. என்றால் பட்டன் போன். வெப்எம் இன்டர்நெட்டுக்காக 2010இல் கூகுள் கொண்டுவந்தது.

எச்.264, எச்.265, ஏவி1. எதை வாங்கிக்கொள்வது?

யாருக்கு, எந்தக் கருவிக்கு என்று தெரியாவிட்டால் எச்.264. இது 2003இல் வந்தது. இப்போது கடையில் இருக்கிற டீவி, போன், கார் செட் என எதிலும் ஓடும்.

எச்.265 வந்தது 2013இல். அதே தரத்துக்கு ஏறத்தாழப் பாதி இடம் போதும் என்பது அதன் பெருமை. ஆனால் விரிப்பதற்கு அதிக வேலை. பழைய லெப்டொப்பில் அதற்கென்று சில்லு இல்லாவிட்டால் படம் விட்டு விட்டு ஓடும், மின்விசிறி அலறும். அதோடு உரிமக் கட்டணச் சிக்கலும் சேர்ந்து அது எல்லா இடத்துக்கும் போய்ச் சேரவில்லை. அந்தக் கட்டணத் தலைவலிக்காகத்தான் பல நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து 2018இல் ஏவி1ஐ இலவசமாக வெளியிட்டன. யூடியூப் அதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறது. ஐபோனில் அதற்கான சில்லு 2023இல் வந்த 15 புரோ மாடலில்தான் முதலில் வந்தது. ஆகவே பென்னில் போட்டுச் சித்தப்பா வீட்டு டீவிக்குக் கொண்டுபோக அது சரிவராது.

வி.எல்.சி. போட்டால் எல்லாம் ஓடுகிறது. டீவிக்கு மட்டும் என்ன வந்தது?

வி.எல்.சி. பாரிஸில் கல்லூரி மாணவர்களின் வேலையாக 1996இல் தொடங்கியது. நூற்றுக்கணக்கான கோடெக்குகளை விரிக்கிற நிரல்களைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது, கொம்பியூட்டரின் மூளையைப் பயன்படுத்தி விரிக்கிறது. டீவியின் மூளை சின்னது. விரிப்பதற்கென்று செய்த ஒரு சில்லுதான் அந்த வேலையைச் செய்யும். அந்தச் சில்லுக்கு ஃபெக்டரியில் என்ன சொல்லிக்கொடுத்தார்களோ அவ்வளவுதான். புதிதாகக் கற்றுக்கொள்ளாது. கோடெக் ஒன்றாக இருந்தாலும் அளவு மீறினால் மறுக்கும். ஃபுல் எச்.டி. வரைக்கும் ஓட்டுகிற டீவிக்கு ஃபோர் கே எச்.264 கொடுத்தால் ஓடாது. அதேபோல 10 பிட்டில் (வெளிச்சத்தை இன்னும் நுணுக்கமான படிகளில் வைக்கிற முறை, பின்னால் சொல்கிறேன்) சுருக்கிய எச்.264ஐ அநேகமாக எந்த டீவிச் சில்லும் ஏற்காது.

படம் நன்றாக ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை.

சத்தத்துக்கும் தனியாகக் கோடெக் உண்டு, அதுதான் காரணம். படம் எச்.264, சத்தம் டி.டி.எஸ். என்று இருந்தால், டி.டி.எஸ். தெரியாத டீவி படத்தை மட்டும் காட்டும். சாம்சங் 2018 மாடல்களிலிருந்து டி.டி.எஸ்ஸை விட்டுவிட்டது. எல்.ஜி. 2020இல் விட்டு, 2023இல் சில மாடல்களில் திரும்பச் சேர்த்தது. பழைய டீவியில் பேசிய அதே படம் புது டீவியில் ஊமையானால் "டீவி பழுது" என்று தூக்கிக்கொண்டு போகாதீர்கள். போனில் இதே கதை ஏ.சி.3 என்ற டோல்பி சத்தத்தோடு நடக்கும். கையடக்க கேமராவின் எம்.டி.எஸ். கோப்புகளில் சத்தம் பெரும்பாலும் ஏ.சி.3தான்.

மருந்து சுலபம். படத்தைத் தொடாமல் சத்தத்தை மட்டும் ஏ.ஏ.சி. என்ற, அநேகமாக எல்லாக் கருவிக்கும் தெரிந்த கோடெக்குக்கு மாற்றினால் போதும், சில நிமிட வேலை. ஆனால் சத்தத்தின் பிட்ரேட்டில், அதாவது நொடிக்கு எத்தனை பிட் கொடுக்கிறோம் என்பதில், கஞ்சத்தனம் காட்டாதீர்கள். பேச்சுக்கு 96 கிலோபிட் போதும். காமன்கூத்தில் தப்பு அடிப்பதை 64இல் சுருக்கினால் அடியின் கூர் போய், ஈரச் சாக்கில் அடித்த மாதிரிக் கேட்கும். சட்டென்று எழும்புகிற சத்தம்தான் இந்தச் சுருக்கத்துக்குச் சிரமம். அதற்கு 192 கொடுங்கள்.

எம்.கே.வி. என்பதை அழித்துவிட்டு எம்.பி.4 என்று எழுதினால் மாறிவிடுமா?

பெட்டியின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டினால் பெட்டி மாறுமா? சில பிளேயர்கள் பெயரைப் பார்க்காமல் உள்ளே பார்த்து ஓட்டிவிடும், அதனால் 'மாறிவிட்டது' என்று தோன்றும். மாறவில்லை.

ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் நல்ல ஆசை ஒன்று இருக்கிறது: நேரம் ஆகாமல், தரம் போகாமல் மாற்ற முடியாதா? முடியும். உள்ளே இருப்பது எச்.264உம் ஏ.ஏ.சி.யும் என்றால், அவற்றைச் சுருக்கி விரிக்காமல் அப்படியே எடுத்து வேறு பெட்டியில் வைக்கலாம். இதற்கு ரீமக்ஸ் என்று பெயர். எஃப்.எஃப்.எம்.பெக் என்கிற இலவசக் கருவி (ஃபப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2000இல் தொடங்கியது) இதைக் கோப்பைக் கொப்பி பண்ணுகிற வேகத்தில் செய்யும். இரண்டு மணிநேரப் படத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம்தான், ஒரு புள்ளிகூடக் குறையாது. கட்டளை எழுதப் பயமாக இருந்தால், வி.எல்.சி.யில் 'கன்வெர்ட்' செய்யும்போது 'கீப் ஒரிஜினல் வீடியோ ட்ராக்' என்ற கட்டத்தை டிக் பண்ணுங்கள்.

இதையே மறுபடி சுருக்கிக் கொடுத்து, ஒரு மணிநேரம் காக்கவைத்து, அதற்குக் காசும் வாங்குகிற இடங்கள் உண்டு. ஆரம்பத்தில் நானும் தெரியாமல் அப்படித்தான் செய்தேன்.

பென்னில் 20 ஜி.பி. இடம் இருக்கிறது. 5 ஜி.பி. படத்தைப் போட்டால் 'பெரிது' என்கிறது.

பென் டிரைவ் ஃபெட்32 முறையில் ஃபோர்மட் ஆகியிருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது, எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும். நொடிக்கு 8 மெகாபிட்டில் எடுத்த வீடியோ 71 நிமிடத்தில் அந்த எல்லையைத் தொடும். எக்ஸ்ஃபெட் முறைக்கு மாற்றினால் தீர்ந்தது. உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டீவி மிகவும் பழையதென்றால் எக்ஸ்ஃபெட்டைப் படிக்காது. அப்போது வீடியோவை இரண்டாக வெட்டுவதுதான் வழி.

நுவரெலியாவில் எடுத்த வீடியோவில் பனிமூட்டம் கோடு கோடாக, தேயிலை மலை சகதி மாதிரித் தெரிகிறது. கேமரா மோசமா?

கேமரா அவ்வளவு மோசமில்லை, நம்முடைய ஊர்தான் கோடெக்குக்குக் கஷ்டமான ஊர். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கொழும்பில் எடுத்துப் பழகியவர்கள் சொல்லித்தருகிற அளவுகளை இங்கே அப்படியே போட்டு ஏமாந்துபோகிறவர்கள் நிறைய.

முதலில் தேயிலை. மேலே சொன்னேன், கோடெக் மாறாததை விட்டுவிட்டு மாறியதை மட்டும் குறிக்கும் என்று. காற்று வீசும்போது ஒரு மலை முழுக்க இருக்கிற இலையெல்லாம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் அசைகிறது. மாறாதது என்று எதுவுமே இல்லை. மழை பெய்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு துளியும் புதுச் செய்தி, அடுத்த படத்தில் அந்தத் துளி இல்லை. கோடெக்குக்குக் கொடுத்த பிட் பத்தவில்லை என்றால் அது இலையின் நுணுக்கத்தைத்தான் முதலில் எறியும். அதனால்தான் பச்சைச் சகதி. கேமராவை நகர்த்தாமல், கொழுந்து எடுக்கிறவர்களைக் கிட்டத்தில் எடுத்தால் அதே பிட்டில் நன்றாக வரும். நானு ஓயாவில் ரயில் ஏறி ஜன்னலுக்கு வெளியே முழு நேரமும் எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு என் அனுதாபங்கள்.

பனிமூட்டத்தின் சிக்கல் இதற்கு நேர் எதிர். அங்கே நுணுக்கமே இல்லை, வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மெதுவாக இறங்குகிற ஒரு மங்கல் மட்டும். 8 பிட் வீடியோவில் வெளிச்சத்துக்கு மொத்தம் 256 படிகள். மூடுபனி அதில் முப்பது, நாற்பது படிக்குள்ளேயே அடங்கிவிடும். அவ்வளவு பெரிய வானத்துக்கு அவ்வளவு சில படிகள் என்றால், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் கோடு தெரியும், மாடிப்படி மாதிரி. அதற்கு மேல் கோடெக்கும் 'இங்கே ஒன்றுமில்லை' என்று நினைத்து ஒரேயடியாக வழித்துவிடும். 10 பிட்டில் எடுத்தால் 1024 படி, கோடு கிட்டத்தட்ட மறைந்துபோகும். உங்கள் கேமராவில் அது இல்லையென்றால், எடிட்டிங்கில் மிக மெல்லிய புள்ளித்தூள் சேர்த்தாலும் கோடு உடையும்.

அளவு கேட்டால்: யூடியூபில் ஃபுல் எச்.டி. ஏற்ற, நொடிக்கு 24 முதல் 30 படம் என்றால் 8 மெகாபிட் என்று யூடியூபே பரிந்துரைக்கிறது. மண்டபத்துக்குள் எடுத்ததற்கு அது போதும். தேயிலை மலை, மழை, ஆறு, தேர்த் திருவிழாக் கூட்டம் என்றால் நான் இரட்டிப்பாக்கி 16 கொடுப்பேன்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஏன் இப்படி ஆகிறது?

போகிற வழியில் வாட்ஸ்அப் அதைத் திரும்பச் சுருக்குகிறது. நீங்கள் கொட்டகலையிலிருந்து அனுப்பி, கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருக்கிற பெரியப்பா மகன் அதைத் தன் குடும்பக் குழுவுக்கு அனுப்பி, அங்கிருந்து இன்னொருவர் அனுப்பினால் ஒவ்வொரு கைக்கும் கொஞ்சம் கரையலாம். சிவப்புப் புடவையின் ஓரம் கலங்கித் தெரிவதும் இதில்தான் அதிகம். சாதாரண வீடியோவில் நிறத்தை வெளிச்சத்தைவிட நாலில் ஒரு பங்கு நுணுக்கத்தில்தான் வைத்திருப்பார்கள். படத்தின் அளவைக் குறைக்கும்போது அது இன்னும் மங்கும்.

'வீடியோ' என்று அனுப்பாமல் 'டொக்கியுமென்ட்' என்று இணைத்து அனுப்புங்கள். தொடமாட்டார்கள். 2 ஜி.பி. வரைக்கும் போகும். ஆனால் டேட்டா அதற்கேற்ப இழுக்கும், சிக்னலுக்காகக் கோயில் மேட்டில் ஏறி நிற்கிற தோட்டங்களில் பென் டிரைவ்தான் வேகமானது.

ஐபோனில் எடுத்த வீடியோ எடிட் பண்ணக் கொடுத்தால் திறக்கவில்லை, திறந்தாலும் நிறம் வெளுத்திருக்கிறது.

2017இலிருந்து ஐபோன் எச்.265இல் எடுக்கிறது. போனின் கேமரா அமைப்பில் 'ஃபோர்மட்ஸ்' போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று வைத்தால் எச்.264இல் எடுக்கும். வெளுப்புக்குக் காரணம் வேறு: ஐபோன் 12இலிருந்து எச்.டி.ஆர். என்ற, வெளிச்சத்தையும் நிறத்தையும் இன்னும் விரிவாகப் பிடிக்கிற முறையில் எடுக்கிறது, அந்த முறை தெரியாத திரையில் நிறம் செத்துப்போகும். விசேஷத்துக்கு எடுக்கும் முன் 'எச்.டி.ஆர். வீடியோ' என்ற பொத்தானை அணைத்துவிடுங்கள்.

எடுத்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. கோப்பு இருக்கிறது, 3 ஜி.பி. காட்டுகிறது, திறக்கவில்லை.

2022இல் மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்ட காலத்தில் இந்தக் கேள்வி வாரம் தவறாமல் வந்தது. எம்.பி.4 பெட்டியின் அட்டவணையை, அதாவது எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற கணக்கை, கேமரா பதிவை நிறுத்தும்போதுதான் கடைசியாக எழுதுகிறது. நிறுத்தும் முன் உயிர் போனால் சரக்கு முழுக்க இருக்கும், கணக்கு இருக்காது. கணக்கில்லாத பெட்டியைப் பிளேயர் திறக்காது.

அழுவதற்கு முன் மூன்று வேலை. மெமரி கார்டில் அதற்கு மேல் எதையும் எடுக்காதீர்கள். 'ஃபோர்மட் செய்யவா?' என்று கேட்டால் வேண்டாம் சொல்லுங்கள். அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த, நன்றாக ஓடுகிற இன்னொரு வீடியோவைத் தேடி எடுத்து வாருங்கள். அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி அந்த நல்ல கோப்பைப் பார்த்து, கெட்டதற்குக் கணக்கை எழுதிப் பார்க்கும். எல்லாம் மீளும் என்று வாக்குத் தரமாட்டேன், ஆனால் பல குடும்பங்களின் தாலிகட்டு இப்படித் திரும்பி வந்திருக்கிறது.

கொம்பியூட்டரில் ஓ.பி.எஸ். வைத்துக் கோயில் திருவிழாவை நேரலையாகக் காட்டுகிறவர்கள் எம்.கே.வி.யில் பதிவு செய்யுங்கள். அது நடுவில் அறுந்தாலும் அறுந்த இடம் வரைக்கும் ஓடும். பிறகு எம்.பி.4க்கு ரீமக்ஸ் பண்ணலாம், அதற்கு ஓ.பி.எஸ்ஸிலேயே பொத்தான் இருக்கிறது.

அப்பாவின் கல்யாணம் கெசட்டில் இருக்கிறது. மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் இன்று கொண்டுவாருங்கள். லயத்து அலுமாரியில் இருபது, முப்பது வருடம் இருந்த கெசட்டின் சின்னக் கண்ணாடி வழியே பாருங்கள். நாடா விளிம்பில் வெள்ளையாக மாவு மாதிரி இருந்தால் பூஞ்சணம். நம் ஈரத்துக்கு இது சாதாரணம். அதை அப்படியே டெக்கில் (கெசட் ஓட்டுகிற வி.சி.ஆர்.) போட்டால் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடுகிற நல்ல கெசட்டுக்கும் போகும். சுத்தம் செய்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். டெக்குக்கும் இப்போது தட்டுப்பாடு. உலகத்தில் கடைசியாக அதைச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. குவைத்துக்கும் சவுதிக்கும் போனவர்கள் அன்று தலையில் சுமந்து கொண்டுவந்தவற்றில் மிச்சமிருப்பதைப் பழுது பார்த்துத்தான் ஓட்டுகிறோம்.

நம் கெசட்டுகள் பால் (PAL) என்ற டீவி முறை: நொடிக்கு 25 படம், ஒவ்வொரு படமும் ஒற்றைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைக் கோடுகள் ஒரு தடவை என்று இரண்டு பாதியாக வரும். கொம்பியூட்டரில் அப்படியே பார்த்தால் கை அசைக்கும்போது சீப்புப் பல் மாதிரிக் கோடு தெரியும். கெசட் கெட்டுப்போனதாக நினைத்துவிடாதீர்கள். 'டி-இன்டர்லேஸ்' செய்தால் போய்விடும். செய்யும்போது 50 பாதிகளையும் 50 படமாக்கச் சொல்லுங்கள், அசைவு கெசட்டில் இருந்தது போலவே வழுக்கிப் போகும். படத்தை அகலத்திரைக்கு இழுக்கவும் வேண்டாம். அப்பா அன்று ஒல்லியாகத்தான் இருந்தார், அப்படியே இருக்கட்டும்.

விசிடி என்றால் படம் 352க்கு 288 புள்ளிதான், எதைச் செய்தாலும் அதற்கு மேல் வராது. டிவிடியில் 720க்கு 576. வி.ஓ.பி. கோப்புகள் ஒவ்வொரு ஜி.பி.யாகத் துண்டு போட்டிருக்கும். மேக்எம்கேவி என்ற மென்பொருள் தரம் குறையாமல் ஒன்றாகச் சேர்த்துத் தரும்.

தமிழ் சப்டைட்டில் போட்டேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது.

பாமினி எழுத்துருவில் தட்டியிருக்கிறீர்கள். பாமினி ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் வேஷம் கட்டியது. அந்த அரைப்புள்ளிதான் நம் மெய்யெழுத்தின் புள்ளி. வேஷம் கலைந்தால் அசல் தெரியும். யுனிகோடுக்கு மாற்றி, கோப்பைச் சேமிக்கும்போது யூ.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். அதற்குப் பிறகும் கட்டம் கட்டமாக வந்தாலோ, கொம்பு இடம் மாறி நின்றாலோ அது டீவியின் குறை. சப்டைட்டிலைப் படத்தோடு சேர்த்தே அச்சடித்துவிடுவதுதான் வழி.

கல்யாணத்துக்கு ஸ்டூடியோ பேசியிருக்கிறோம். என்ன கேட்டு வாங்க வேண்டும்?

'எம்.பி.4இல் தாருங்கள்' என்று மட்டும் சொல்லாதீர்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போது தெரியும். எச்.264, ஃபுல் எச்.டி., நொடிக்கு 25 படம், 16 மெகாபிட், சத்தம் ஏ.ஏ.சி. என்று சொல்லுங்கள். மூன்று மணிநேரத்துக்கு 22 ஜி.பி. அளவில் வரும், எக்ஸ்ஃபெட்டில் ஃபோர்மட் செய்த 32 ஜி.பி. பென் போதும். ஏன் 25 என்று கேட்டால், நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மண்டபத்து டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் அந்தத் தாளத்தில்தான் மினுங்கும். 25 படம், ஷட்டர் ஒரு நொடியில் 50இல் ஒரு பங்கு என்று வைத்தால் திரையில் பட்டை ஓடாது. போனுக்கென்று சின்னதாக இன்னொன்று கேளுங்கள், ஆனால் பெரியதை வாங்காமல் சின்னதை மட்டும் வாங்காதீர்கள். அது வீட்டுக்கு வந்ததும் வேறொரு ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு கொப்பி.

அப்புறம், பென்னைக் கையில் தந்ததும் மிச்சக் காசைக் கொடுப்பதற்கு முன் கடைசிப் பத்து நிமிடத்தை ஓடவிட்டுப் பாருங்கள். கொப்பி பாதியில் நின்றிருந்தால் அங்கேதான் தெரியும்.